வலென்ட்டி வீட்டுக்குப் போகும் நீலக்கோடு

ஓல்ஷாங்கா, 14 மே 1996

சுவாவ்கி நகர நடைப்பயணச் சங்கத் தலைவர் லுதொமிர் வியெஷ்பா அவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ் என்று சொல்லித்தான் எங்கள் பக்கம் கடிதம் தொடங்குவோம். நீங்கள் அதற்கு மறுமொழி சொல்கிற ஆளா இல்லையா தெரியாது. சொல்லாவிட்டால் பரவாயில்லை, என் பங்கை நான் சொல்லியாயிற்று.

என் பெயர் அப்பொலோனியா ரின்கியெவிச். கணவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. மீதியை நானே படித்துக்கொண்டேன். அதனால் ரயில் நிறுத்தத்தில் நீங்கள் தொங்கவிட்டிருக்கும் தாளை முழுசாக வாசிக்க முடிந்தது. வாசித்ததற்கு வருந்துகிறேன். "நீலப் பாதை. ஏரி, காடு, வரலாறு. பதினான்கு கிலோமீட்டர் இன்பம்" என்று போட்டிருக்கிறீர்கள்.

அந்த இன்பத்தை நான் மே முதல் தேதியிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். பார்த்ததை எழுதியும் வைத்திருக்கிறேன். இதுவரை எண்பத்தாறு பேர். அதில் நாற்பது பேருக்குமேல் கம்பு ஊன்றிக்கொண்டு வந்தவர்கள், ஒருவருக்கும் கால் ஊனமில்லை. மரத்துக்கு மரம் வெள்ளை, நீலம், வெள்ளை என்று மூன்று கோடு இழுத்துவிட்டீர்கள். அவர்கள் அந்தக் கோட்டை மட்டும்தான் பார்க்கிறார்கள். காட்டைப் பார்க்கிறவர் ஒருவரும் இல்லை.

போன வாரம் எங்கள் பாதையோரச் சிலுவைக் குருசடியில் மாதா வணக்கமாத ஜெபம். ஆறு பெண்கள் நின்று பிரார்த்தனை பாடிக்கொண்டிருக்கிறோம். வார்சாவாக்காரர் ஒருவர் அரைக்கால் சட்டையோடு வந்து எங்கள் நடுவில் நின்று, "மழைக்காகவா பாடுறீங்க?" என்று கேட்டார். என் பக்கத்தில் நின்ற தெயோஃபிலா பாட்டை நிறுத்தாமல், "இல்லீங்க, நீங்க சீக்கிரம் கெளம்பணும்னு" என்றாள். அவர் சிரித்து, எங்களைப் படம் பிடித்துக்கொண்டு போனார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. உங்கள் தாளில் நான்காவது பத்தி: "சார்னே ஏரிக்கரையில் தேனீ வளர்க்கும் ஒரு துறவியைக் காண்பீர்கள். பழைய காட்டு வாழ்வின் கடைசி மிச்சம்."

ஐயா, அது துறவி இல்லை. என் தம்பி வலென்ட்டி. இருபத்திரண்டு வருடம் மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவன். ஓய்வூதியம் வாங்குகிறான். வானொலி வைத்திருக்கிறான். பதினோரு வருடத்துக்கு முன் அவன் மனைவி யாத்விகா இறந்தபிறகு அவன் மனிதர்களோடு பேசுவதை விட்டுவிட்டான். கோயிலுக்கு வருவதில்லை, கடைக்கு வருவதில்லை, என் வீட்டுக்கும் வருவதில்லை. நான்தான் தினமும் மாட்டுப்பாதை வழியாக இரண்டு கிலோமீட்டர் நடந்து சூப் கொண்டுபோய் வைக்கிறேன். எனக்கே அவன் இரண்டு வார்த்தைக்குமேல் செலவழிப்பதில்லை. அப்படிப்பட்டவன் ஜன்னலுக்கு மூன்றடி தள்ளி நீங்கள் பாதை போட்டிருக்கிறீர்கள். ஒரு பெண்மணி அவன் கையில் வைக்கோல் அள்ளும் முட்கோலைக் கொடுத்துப் படம் எடுத்தாளாம்.

கோடைக்கு முன்னால் பாதையை ஏரியின் மறுகரைக்கு மாற்றுங்கள். என் தம்பியை நிம்மதியாக இருக்க விடுங்கள்.

அப்பொலோனியா ரின்கியெவிச்


சுவாவ்கி, 27 மே 1996

மதிப்பிற்குரிய அம்மணி,

முப்பத்துநான்கு வருடம் பூகோளம் கற்பித்திருக்கிறேன். மறுகரையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது, பரீட்சைத் தாள் திருத்திய காலம் நினைவுக்கு வந்தது. மறுகரை முழுக்கச் சதுப்பு. அங்கே நாரைக்கும் தவளைக்கும்தான் பாதை உண்டு.

உங்களுக்கு என் வேலை என்னவென்று தெரியாததால் சொல்கிறேன். ஒவ்வொரு மரத்தையும் நின்று யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு அடையாளத்தருகே நின்றால் அடுத்தது கண்ணில் பட வேண்டும். போகிறவருக்கும் தெரிய வேண்டும், திரும்புகிறவருக்கும் தெரிய வேண்டும். பட்டையை மரத்துக்கு நோகாமல் சுரண்டி, கோடு வெட்டிய அச்சுத் தகட்டை வைத்து, மூன்று கோடு. மார்ச் மாதக் குளிரில், தனி ஆளாக, இருநூற்றுப் பன்னிரண்டு அடையாளம் போட்டேன். சம்பளம் கிடையாது. நன்றியும் கிடையாது என்று இப்போது தெரிகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டுக் கொள்ளைநோயின் நினைவாக எழுப்பப்பட்ட குருசடி உங்கள் ஊரில் இருக்கிறது. பழங்கால யாத்விங்கிய இனத் தலைவர்களின் புதைமேடுகள் இரண்டு இருக்கின்றன. பிரெஞ்சுப் படைத் தளபதி ஓர் இரவு தங்கிய ஜமீன் மாளிகையின் இடிபாடு இருக்கிறது. இவற்றின் நடுவே பிறந்து வளர்ந்துவிட்டு, பார்க்க வருகிறவர்களை ஜன்னலுக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருப்பது ஒரு பொழுதுபோக்குத்தான். எனக்கு அதில் ஈடுபாடு இல்லை.

"துறவி" என்பது ஒரு அலங்காரச் சொல். மறுபதிப்பில் மாற்றுவதைப் பரிசீலிக்கலாம்.

ஒரே ஒரு கேள்வி. உங்கள் கடிதத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. தம்பியின் கையெழுத்து இல்லை. அவர் முறையிட்டாரா?

லு. வியெஷ்பா


ஓல்ஷாங்கா, 9 ஜூன் 1996

தலைவர் அவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ். உங்கள் பழைய மாணவர்களை நினைத்து நேற்று ஒரு ஜெபமாலை சொன்னேன்.

குருசடியைக் கட்டியது கொள்ளைநோய் இல்லை, என் அப்பா. 1931இல் எங்கள் குதிரை வயிறு உப்பிச் சாகக் கிடந்து பிழைத்ததற்கு நேர்ந்துகொண்டு கட்டினார். பின்பக்கம் சிமெண்டில் வருடமும் குதிரையின் பெயரும் விரலால் எழுதியிருக்கிறார். சுற்றிப் போய்ப் பார்க்க உங்களுக்கு மூட்டுவலி போல.

ஜமீன் மாளிகையில் எந்தப் பிரெஞ்சுக்காரனும் தூங்கவில்லை. அது கட்டி முடிந்ததே எங்கள் தாத்தா காலத்தில். இடிந்தது போரிலும் இல்லை. ஜமீன் மேலாளர் நிலவறையில் திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சும்போது வெடித்தது.

அடுத்து உங்கள் புதைமேடுகள். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. கடவுள் மன்னிக்கட்டும். ஐயா, அவை உருளைக்கிழங்கு மேடுகள். ஜமீன் வயலில் விளைந்த கிழங்கைக் குளிர்காலத்துக்குக் குவித்து, வைக்கோல் போட்டு, மண்ணால் மூடி வைத்தது. வருடா வருடம் அதே இடத்தில் போட்டுப் போட்டு மேடு உயர்ந்துவிட்டது. கடைசியாக 1938இல் மூடினார்கள், என் அப்பாவும் மண் வெட்டிப் போட்டார். போன ஞாயிறு அங்கே ஒரு குடும்பம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். தகப்பன் பிள்ளைகளிடம், "சத்தம் போடாதீங்க, கீழ ராஜா படுத்திருக்காரு" என்றான். கீழே படுத்திருந்தது கிழங்கு, அதையும் அறுபது வருடத்துக்கு முன் பன்றி தின்றாயிற்று.

படித்தவர் நீங்கள். கேட்டிருந்தால் நாங்களே சொல்லியிருப்போம். கேட்பது உங்களுக்கு வழக்கமில்லை.

வலென்ட்டியின் கையெழுத்தைக் கேட்கிறீர்கள். அவனுக்கு என்ன வேண்டும் என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினைந்து. அன்றிலிருந்து அவனுக்காகப் பேசுவது நான்தான்.

பாதையை நீங்கள் மாற்றாவிட்டால் மாற்றுவதற்கு வேறு ஆள் இருக்கிறது.

அ. ரின்கியெவிச்


சுவாவ்கி, 25 ஜூன் 1996

அம்மணி,

மேடுகள் விஷயம் ஆராயப்படும். அதைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதற்கில்லை.

இது வேறு விஷயம். கடந்த சனிக்கிழமை வோம்ஜாவிலிருந்து ஓய்வுபெற்ற செவிலியர் பன்னிரண்டு பேர் நீலப் பாதையில் வந்தார்கள். ஆல்டர் தோப்பைத் தாண்டி அடையாளமே இல்லை. இரண்டு மணி நேரம் சுற்றி, கடைசியில் முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு, உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருவருக்குச் செருப்பு போயிற்று. அந்த அம்மாளுக்கு எழுபத்தொரு வயது. மறுநாளே போய்ப் பார்த்தேன். பதினொரு மரங்களில் அடையாளத்தின்மேல் ஏதோ சாம்பல் நிறத்தில் பூசியிருக்கிறது. ஒழுங்காக, ஓரம் பிசிறாமல், அடுப்பு மெழுகுகிற கை பூசியதுபோல இருக்கிறது.

யார் என்று நான் கேட்கப்போவதில்லை. வழிகாட்டி அடையாளத்தை அழிப்பது குற்றம் என்பதை மட்டும் தெரிவிக்கிறேன். குருசடிக் கதையெல்லாம் சொல்லும் பக்தியுள்ள ஓர் ஊரில், வயதான பெண்களைச் சேற்றில் இறக்குவதற்கு என்ன ஜெபம் சொல்வார்கள் என்று அறிய ஆவல்.

லு. வியெஷ்பா


ஓல்ஷாங்கா, 6 ஜூலை 1996

தலைவர் அவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ். நான்தான் பூசினேன். களிமண்ணும் சாம்பலும் கொஞ்சம் கெட்டுப்போன பாலும் கலந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லை.

செவிலியர்களுக்காக வருந்துகிறேன். வருந்துவதைக் காகிதத்தில் மட்டும் செய்யவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பங்குச்சாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏம்மா, அந்தக் காட்டுக்குள்ள யார அடைச்சு வெச்சிருக்கீங்க?" என்றார். அவர் இளவயது, ஊருக்குப் புதுசு. ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார், பூசியதைக் கழுவச் சொன்னார். ஜெபமாலையை அன்றே முடித்துவிட்டேன். மற்றதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். செருப்பின் அளவைக் கேட்டு எழுதுங்கள், அந்த அம்மாளுக்கு வாங்கி அனுப்புகிறேன்.

ஆனால் அதற்குள் நீங்கள் காட்டிய அவசரம் இருக்கிறதே. நான்கு நாளில் பதினொரு மரத்திலும் புதுக் கோடு. முன்பைவிடப் பளிச்சென்று, முன்பைவிடப் பெரிதாக. அதோடு நின்றீர்களா? என் தம்பியின் வேலிக் கதவுத் தூணிலேயே ஒன்று போட்டிருக்கிறீர்கள். ஒரு மனிதனின் வீட்டு வாசல் தூண் உங்கள் சங்கத்துக்கு மரமாகத் தெரிகிறதா? கல்விமான் ஒருவர் ஏழைக் கிழவியைப் பழிவாங்க இவ்வளவு மெனக்கெடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கோடும் நேராக இல்லை. கோபத்தில் கை நடுங்கியிருக்கும்.

வலென்ட்டியிடம் சொன்னேன்: "கவலப்படாதடா, அந்த ஆளுக்கு நான் எழுதுறேன்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "எழுது அக்கா" என்றான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அ. ரின்கியெவிச்


சுவாவ்கி, 21 ஜூலை 1996

அம்மணி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் மறுபடி பூசவில்லை. ஜூன் 23க்குப் பிறகு ஓல்ஷாங்கா பக்கமே வரவில்லை. முதுகு பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். சங்கத்தில் பூசத் தெரிந்த வேறு ஆளும் இல்லை. என்மேல் வீண்பழி என்பதால் 18ஆம் தேதி நேரில் வந்தேன்.

கோடுகளைப் பார்த்த உடனே தெரிந்தது. தகடு வைத்துப் போட்டதில்லை, வெறுங்கையால் இழுத்தவை. இடது பக்கம் சாய்வு. நீலமும் என் நீலம் இல்லை, கொஞ்சம் பாசிப்பச்சை கலந்தது. அதே நீலத்தில் ஏரிக்கரையில் பதினெட்டுத் தேன்பெட்டிகள் நிற்கின்றன.

அம்மணி, பாதை இப்போது உங்கள் தம்பியின் ஜன்னலுக்கு மூன்றடி தள்ளிப் போகவில்லை. வேலிக் கதவு வழியாக உள்ளே போகிறது. முற்றத்தில் புதிதாக அறுத்த பைன் பலகையில் மூன்று பெஞ்சு. மேசையில் தண்ணீர்க் குடமும் கவிழ்த்த குவளைகளும். நான் போனபோது கதவைத் திறந்து, "வாங்க, உக்காருங்க. ஸ்டேஷன்லேருந்தா? அப்ப எட்டு கிலோமீட்டர் நடந்திருக்கீங்க" என்றார்.

யாரென்று சொன்னேன். கொஞ்சம் பயந்தார். "கோணலா இருக்குன்னு திட்ட வந்தீங்களா?" என்றார். "கோணலாத்தான் இருக்கு" என்றேன். "மரமே கோணல், நான் என்ன பண்ண" என்றார்.

இரண்டு மணி நேரம் பேசினார். இரண்டு வார்த்தை மனிதர் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். உருளைக்கிழங்கு மேட்டைப் பற்றி, ஜமீன் சாராயத்தைப் பற்றி, பனிக்காலத்தில் ஏரி உறையும்போது வரும் சத்தத்தைப் பற்றிச் சொன்னார். வருகிறவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்கிறாராம். அந்த முட்கோல் படத்தை வார்சாவாக்காரப் பெண்மணி தபாலில் அனுப்பியிருக்கிறாள். சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்.

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சா நான் இன்னும் முழுசா இருப்பேனா? அவ பகல் ஒரு மணிக்கு வருவா. பன்னெண்டரைக்கு எல்லாரையும் கெளப்பி விட்டுருவேன். பெஞ்ச கொட்டகைல போட்ருவேன்."

"ஏன் மறைக்கிறீங்க?"

ஒரு குவளையைத் துடைத்து மேசையில் கவிழ்த்தார். பிறகு சொன்னார்: "இவங்கள்ளாம் என்னை இன்னிக்குத்தான் பாக்குறாங்க. அதனால பேச வருது."

உங்களிடம் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். இருந்தும் எழுதிவிட்டேன். நீங்கள் என்மேல் சுமத்திய பழியைத் துடைக்க எழுதுகிறேன் என்று தொடங்கினேன். இந்த வரிக்கு வரும்போது அது அவ்வளவு கண்ணியமான காரியமாகத் தோன்றவில்லை.

லுதொமிர் வியெஷ்பா


ஓல்ஷாங்கா, 30 ஜூலை 1996

வியெஷ்பா அவர்களுக்கு,

சொல்லாதே என்று ஒருவன் கேட்டுக்கொண்டதை, பழி துடைப்பதற்காக எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் குணத்தைப் பற்றி நான் முதல் கடிதத்திலேயே சரியாகத்தான் நினைத்திருந்தேன்.

வியாழனன்று ஒரு மணிக்குப் போகாமல் பதினொரு மணிக்கே போனேன். ஆல்டர் மரத்துக்குப் பின்னால், கையில் சூப் பாத்திரத்தோடு, திருடிபோல நின்றேன். முற்றத்தில் ஏழு பேர். சிவப்புத் துண்டு கட்டிய ஒருத்தி அவன் மேசையில் உட்கார்ந்து அவனுடைய காளான்களைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறாள். செய்யத் தெரியாமல் பாதியைக் குப்பையில் தள்ளுகிறாள். என் தம்பி அவளைத் திட்டவில்லை, சிரிக்கிறான். அவன் பல் ஒன்று விழுந்திருப்பது எனக்குத் தெரியாது. தினமும் போகிறேன், தெரியாது.

நான் முந்தின நாள் கொண்டுபோன பீட்ரூட் சூப்பை அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தான். ஒருவன், "இன்னும் கொஞ்சம் உப்பு போட்ருக்கலாம்" என்றான். வலென்ட்டி, "எங்கக்காகிட்ட போய்ச் சொல்லுங்க, அவ வீட்டுக்கும் கோடு போட்டுத் தரேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் திரும்பி வந்துவிட்டேன். அன்றைய சூப்பைப் பன்றிக்கு ஊற்றினேன். ஐந்து நாளாகப் போகவில்லை. எங்கே என்று கேட்டு ஒரு ஈ காக்கை வரவில்லை.

இவ்வளவும் எழுதியாயிற்று, மீதியையும் எழுதுகிறேன். உங்களை மதித்து இல்லை. இதைச் சொல்வதற்கு, நான் மதிக்காத ஒரு ஆள்தான் சரி.

யாத்விகாவின் அடக்கத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் சாப்பாடு. முப்பது பேர் மேசையில். நான் சூப் பரிமாறிக்கொண்டிருந்தேன். அழுகை ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். வலென்ட்டி பக்கத்தில் வந்தபோது, "ஒரு நாள் முன்னாடி டாக்டரக் கூட்டிட்டு வந்திருந்தா அவ இருந்திருப்பா" என்றேன். எல்லார் காதிலும் விழுந்தது. அவன் கரண்டியைக் கீழே வைத்தான். எழுந்து போனான். அதுதான் அவன் எங்கள் வீட்டில் உட்கார்ந்த கடைசி நாள். இந்தப் பாவத்தை வருடத்துக்கு நான்கு தடவை பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறேன். வந்துபோன பங்குச்சாமிகளிடமெல்லாம் சொல்லிவிட்டேன். அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. சூப்தான் கொண்டு போனேன்.

இனி உங்கள் பாதை எந்தக் கரையில் போனால் எனக்கென்ன.

அ. ரி.


சுவாவ்கி, 9 ஆகஸ்ட் 1996

அம்மணி,

நீங்கள் மதிக்காத ஆள் எழுதுகிறேன். அந்தத் தகுதியிலேயே இருந்துகொள்கிறேன், வசதியாகத்தான் இருக்கிறது.

முதலில் கசப்பானதை முடித்துவிடுகிறேன். அருங்காட்சியகத்தில் இருக்கும் என் நண்பர் ஒருவர் மேடுகளில் ஒன்றைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தார். மக்கிய வைக்கோல். தலைவர்கள் யாரும் இல்லை. அவர் என்னை "கிழங்கு ராஜா" என்று கூப்பிடத் தொடங்கியிருக்கிறார். ரயில் நிறுத்தத்தில் தொங்கவிட்ட தாளைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது விதி. அனுமதியில்லாத கையால் போட்ட அடையாளத்தைச் சங்கம் அழித்துவிட்டு, பாதையைப் பழைய தடத்துக்குக் கொண்டுவர வேண்டும். தனியார் முற்றத்துக்குள் பாதை போகவும் கூடாது. நீங்கள் மே மாதத்தில் கேட்டதும் இதைத்தான், வாசலை விட்டு விலக்கச் சொன்னீர்கள். இப்போது என்னால் அதைச் செய்ய முடியும். மாத முடிவில் பெயிண்ட் டப்பாவோடு வருவேன். தடத்தை அந்த ஜன்னலிலிருந்தும் நானூறு மீட்டர் தள்ளி, ஜூனிப்பர் புதர் வழியாகத் திருப்பிவிடலாம். அதற்கப்புறம் அங்கே ஒருவரும் போக மாட்டார்கள்.

அழிக்கட்டுமா? உங்கள் தம்பியைக் கேட்கலாம்தான். கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால் உங்களைக் கேட்கிறேன். ஒரு சொல் எழுதினால் போதும்.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தார். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு தையல் இயந்திரம். அவருக்குச் சூப் கொண்டுபோக எனக்குத் தோன்றியதில்லை.

லுதொமிர் வியெஷ்பா


ஓல்ஷாங்கா, 15 ஆகஸ்ட் 1996
மாதா விண்ணேற்புத் திருநாள், மாலை

வியெஷ்பா அவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ்.

ஒரு சொல் கேட்டீர்கள். எனக்கு ஒரு சொல்லில் எழுத வராது.

காலையில் பூசை முடிந்து, மூலிகைக் கொத்தை மந்திரித்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்குப் போகிற பக்கம் கால் போகவில்லை. ரயில் நிறுத்தத்துக்குப் போனேன். உங்கள் முதல் கோடு அங்கே விளக்குக் கம்பத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைச் செருப்பு, கையில் கொத்து. மாட்டுப்பாதையில் போனால் அரை மணி. நான் உங்கள் எட்டுக் கிலோமீட்டரில் போனேன். கோட்டுக்குக் கோடு, அந்த முட்டாள்கள் போகிற மாதிரியே.

பிறந்ததிலிருந்து இந்தக் காட்டில் இருக்கிறேன். காளானுக்கோ விறகுக்கோ மாட்டைத் தேடியோ தவிர உள்ளே போனதில்லை. வேலை இல்லாமல் நடப்பது எப்படியென்று தெரியாமல் முதலில் வேகமாக நடந்தேன். ஜமீன் இடிபாட்டில் ஒரு ஜோடி உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தது. "பாட்டி, இது எந்தக் காலத்துக் கோட்டை?" என்று கேட்டான் அந்தப் பையன். "சாராயக் காலத்து" என்றேன். எழுதிக்கொண்டான்.

மாளிகையைத் தாண்டியபின் நான்காவது கோடு மூன்றாவதிலிருந்து தெரியவில்லை. நடுவில் ஒரு பிர்ச் மரம் தழைத்து மறைக்கிறது. முப்பத்துநான்கு வருடம் கற்பித்தவர் கவனித்திருக்கலாம்.

வேலிக் கதவுக்கு வந்தபோது மணி இரண்டாகியிருக்கும். இன்றைக்கு வேறு யாரும் இல்லை. வலென்ட்டி பெஞ்சில் தனியாக இருந்தான். நான் எப்போதும் வருகிற பக்கத்திலிருந்து வரவில்லை, கையில் பாத்திரமும் இல்லை. அவன் எழுந்தான். என் செருப்பைப் பார்த்தான், சேறு கணுக்கால் வரை. முகத்தைப் பார்த்தான்.  அக்காவாக என்னால் வாய் திறக்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"வாங்க, உக்காருங்க" என்றான். "ஸ்டேஷன்லேருந்தா?"

"ஆமா" என்றேன்.

"ரொம்ப தூரம். தண்ணி குடிங்க."

உட்கார்ந்தேன். ஐயா, அந்த முற்றத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. பாத்திரத்தை வைப்பேன், அடுப்பைப் பார்ப்பேன், சட்டையைப் பார்ப்பேன், திட்டுவேன், போவேன். அங்கிருந்து பார்த்தால் ஏரி முழுக்கத் தெரிகிறது. எனக்குத் தெரியாது.

அவன் மற்றவர்களுக்குச் சொல்கிற மாதிரியே சொன்னான். தேனீ, ஏரிச் சத்தம், எல்லாம். நான் முன்பின் தெரியாதவள்போல் கேட்டேன். சிலதெல்லாம் உண்மையிலேயே எனக்குத் தெரியாததுதான். பிறகு, "உங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லையா?" என்று கேட்டேன். 

"ஒரு அக்கா இருக்கா. தெனம் வருவா. இப்ப மூணு வாரமா காணோம்."

"கோவமா இருப்பாங்க."

"இருப்பா. அவளுக்குக் கோவம் வந்தா காடே வழி விடும்."

நான் குவளையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்புறம் சொன்னேன். "நான் கேள்விப்பட்டேன். அடக்கத்தன்னிக்கு உங்கக்கா உங்களை ஒரு வார்த்த சொன்னாங்களாம். முப்பது பேருக்கு முன்னாடி. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அது உண்மையும் இல்ல. டாக்டர் வந்திருந்தாலும் அவ பொழச்சிருக்க மாட்டா, அது உங்கக்காவுக்கு அப்பவே தெரியும்."

அவன் ஏரிப் பக்கம் திரும்பினான். ஒரு தேனீ குவளை விளிம்பில் வந்து உட்கார்ந்து, நடந்து, போயிற்று.

"ஆமா" என்றான். "சொல்லியிருக்கக் கூடாது." பிறகு, "இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தட்டுமா?"

ஊற்றினான். குடித்தேன். மந்திரித்த கொத்தை மேசையில் வைத்தேன். வருடா வருடம் அதை அவன் வாசலில் நான்தான் செருகுவேன். இன்றைக்கு அவனே எடுத்துச் செருகினான்.

கிளம்பும்போது, "எந்தப் பக்கமா போறீங்க?" என்றான். மாட்டுப்பாதையைக் காட்டினேன். "அங்க கோடு கெடையாதே. வெளியூர்க்காரங்க வழி தவறிருவாங்க. நான் கூட வரேன்" என்று தொப்பியை எடுத்தான். பதினோரு வருடத்தில் அவன் அந்தப் பாதையில் கால் வைத்ததில்லை. முன்னால் நடந்தான். சேறு வந்த இடத்தில் கையை நீட்டினான்.  தெயோஃபிலா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். 

என் வீட்டு வாசலில் நின்று, "சரிங்க, வந்து சேந்துட்டீங்க" என்றான். திரும்பிப் போகக் கிளம்பினான். நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். இதற்குமேல் வெளியூர்க்காரியாக இருக்க எனக்குத் தெம்பில்லை.

கோடுகளை அழிக்க வேண்டாம். கோணலாகவே இருக்கட்டும். விதி என்று ஏதாவது சொன்னீர்களானால், கிழங்கு ராஜா என்ற பெயர் இந்த மாவட்டம் முழுக்கப் பரவ நான் பொறுப்பு.

அவன் இப்போது என் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறான். நாற்காலி நுனியில், தொப்பியைக் கழற்றாமல். இறைச்சி வைத்த உருளைக்கிழங்கு உருண்டை நான்கு தின்றுவிட்டான். அந்தத் தொப்பியைப் பற்றியும் விழுந்த பல்லைப் பற்றியும் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இன்னும் ஆரம்பிக்கவில்லை. முதலில் இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு, அவன் எதிரே போய் உட்காரப் போகிறேன்.

அப்பொலோனியா